சான்றுப் பொருள்

பகலில் நான் வனச்சரக அலுவலகத்தில்
பறவைகளை எழுதுகிறவள்.
கௌதாரி ஆறு. அவற்றில் இறந்தவை நான்கு.
நைலான் வலை ஒன்று. டார்ச் லைட் ஒன்று.
கைப்பற்றிய இடம்: அமிர்தி போகும் வழி,
ஓடைப் புறம்போக்கு.
மார்கழியில் இந்தப் பட்டியல் நீளும்.
குளிருக்குப் பறவை புதரைவிட்டு எழாது,
குளிருக்கு மனுசன் நாக்கு சும்மா இருக்காது.

ஒடுகத்தூரில் ஆறு மணிக்கே
மலை இறங்கி வந்து தெருவில் படுத்துக்கொள்ளும்.
வீட்டுக்கு வந்தால்
கொழுந்தன் முனிரத்தினம்
ஒரு தவிட்டுப் பையைப் படியில் வைத்துவிட்டு
செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறான்.
"அண்ணி, உள்ள இன்னா கீதுன்னு கேக்காத."
கேட்கவில்லை.
கேட்டால் எழுத வேண்டும்.

சம்பங்கிதான் சமைப்பான்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம்
தோலை இழுத்து ஆணியடித்த கை
இறகை எவ்வளவு மெதுவாகப் பிடுங்குகிறது!
வெந்நீர் ஆகாதாம், வாசம் செத்துப்போகுமாம்.
வரிவரியான சாம்பல் இறகுகள்
அவன் முழங்கை மயிரில் ஒட்டிக்கொண்டு
அவன் மூச்சுக்கு நடுங்கின.
வைக்கோல் கொளுத்தி வாட்டினான்.
மஞ்சள் பூசினான்.
மஞ்சள் பூசியதும் அது
குளிப்பாட்டி விட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.
நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரைப்பையைக் கீறியபோது மட்டும்
மறுபடி குனிந்தேன். எண்ணுவது எனக்குத் தொழில்.
கேழ்வரகு பதினேழு.
சாமை ஒரு சிட்டிகை.
ஈசல் இறக்கை.
மல்லாட்டைப் பருப்பு பாதி,
அது எங்கள் கொல்லையில் பொறுக்கியதாகவும் இருக்கலாம்.
"அப்ப நம்மூட்டுத் தீனி தின்னதுதான்" என்றான் சம்பங்கி,
கேஸே முடிந்துவிட்டதுபோல.

எண்ணெய் காய்ந்தது. சின்ன வெங்காயம்,
தோலோடு நசுக்கிய பூண்டு,
அம்மியில் அப்போதுதான் இடித்த மிளகு.
ஜன்னலைச் சாத்தினேன்.
கதவடியில் சாக்கைத் திணித்தேன்.
அப்படியும் அது ஓட்டிடுக்கில் ஏறி வெளியே போயிற்று.

மதிலுக்கு அந்தப் பக்கம்
எங்கள் ஆபீஸ் வாட்சர் ஏகாம்பரத்தின் இருமல்.
"இன்னாம்மா, காடையா?"
"ஆமாண்ணே. பண்ணைக் காடை. காட்பாடியில வாங்கினது."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
யார் வீட்டிலோ மோட்டார் நின்றது.
பிறகு மதில்மேல் மெல்ல எழுந்தது
ஒரு கை.
கையில்
காலிக் கிண்ணம்.

கௌதாரி பறப்பதைவிட ஓடுவதே அதிகம்.
தொடைக்கறியில் அந்த ஓட்டம் இன்னும் மிச்சமிருந்தது.
பல்லால் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.
களியைக் கிள்ளிக் குழித்து
மிளகுச் சாற்றில் முக்கி விழுங்க
மூக்கில் நீர், காதுமடலில் சூடு.
ஒரு பொய்யும் பேசாமல் மூவரும் தின்றோம்,
பேசவே இல்லை என்பதால்.
கடைசி எலும்பைச் சம்பங்கி எனக்கு ஒதுக்கினான்.
வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

மறுநாள் காலை
ரேஞ்சர் இன்னும் வரவில்லை.
பஞ்சுபோலப் பனி கேட்டில் தொங்கியது.
ஏகாம்பரம் என் மேசைக்கு வந்து
பஸ் டிக்கெட்டில் மடித்த ஒன்றைப் பிரித்து வைத்தார்.
ஈயக் குண்டு. கடுகைவிடச் சற்றுப் பெரியது.
"கடவாப்பல்லுல மாட்டுச்சும்மா.
காட்பாடிப் பண்ணையில காடைய
சுட்டா வளக்கறாங்க?"
சிரிக்கிறாரா என்று பார்க்க நான் நிமிரவில்லை.
போகும்போது மட்டும் சொன்னார்,
"உப்பு ஒரு கல்லு கம்மி."

அன்று எழுத வேண்டியிருந்தது:
கௌதாரி இரண்டு, உயிருடன்.
கூண்டு ஒன்று. எதிரி தலைமறைவு.
எழுதினேன்.
குண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மேசை இழுப்பறையில் போட்டேன்.
பேனாவுக்குத் திறந்தால் ஒரு முறை,
ரப்பர் ஸ்டாம்புக்குத் திறந்தால் ஒரு முறை,
அது ஓடுகிறது
இந்த மூலையிலிருந்து
அந்த மூலைக்கு.